இருவீச்சுப் பொறியின் மேற்பகுதிச் சீரமைப்பு

இருவீச்சுப் பொறியின் மேற்பகுதிச் சீரமைப்பு என்பது, கிராங்க் அறையைப் பிரிக்காமல், உருளை, பிஸ்டன், வளையங்கள், தலைப்பகுதி ஆகியவற்றை மட்டும் கழற்றிச் சரிசெய்து மீண்டும் பொருத்தும் பணியாகும். தமிழகப் பணிமனைகளில் இது "போர் வேலை" என்று வழங்கப்படுகிறது. மண்தடப் பந்தய வண்டிகளுக்கு இப்பணி அடிக்கடி தேவைப்படும். வெளிநாடுகளில் இதற்கெனவே 125 கன செ.மீ. வண்டிகள் விற்கப்படுகின்றன. இந்தியாவில் அவை அரிதாகையால் யமகா ஆர்எக்ஸ் 100, ஓசூரில் தயாரிக்கப்பட்ட டிவிஎஸ் சுசுகி ஷோகன் போன்ற சாலை வண்டிகளே மாற்றியமைக்கப்பட்டு ஓட்டப்பட்டன. இக்கட்டுரை பெரும்பாலும் 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட ஆர்எக்ஸ் 100 வண்டியின் பொறியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

உருளையும் பிஸ்டனும்

ஆர்எக்ஸ் 100 பொறியின் உருளை விட்டம் 50 மி.மீ., வீச்சு நீளம் 50 மி.மீ., கொள்ளளவு 98 கன செ.மீ. ஆகும். அலுமினிய உருளையின் உள்ளே வார்ப்பிரும்பு உறை உள்ளது. இவ்வுறை தேயும்போது லேத் பட்டறையில் கடைந்து, 0.25 மி.மீ. படிகளாக ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்தலாம். விட்டம் 51 மி.மீ. ஆகும்போது கொள்ளளவு 102 கன செ.மீ. ஆகிறது, இதனால் ஆற்றல் பெரிதும் கூடிவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையில்லை. தற்காலப் பந்தய வண்டிகளின் உருளைகள் நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு கொண்டவை. அவற்றைச் சாதாரணமாகக் கடைய இயலாது. தேய்ந்தால் மறுபூச்சுச் செய்ய வேண்டும்.

அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். ஆகவே பிஸ்டனுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே போதிய இடைவெளி இல்லையெனில், சூடேறிய பிஸ்டன் உருளையில் இறுகிக்கொள்ளும். இதையே "சீஸ்" ஆதல் என்பர். ஓடும் வண்டியில் இது நேர்ந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுநர் உடனே கிளட்சைப் பிடிக்காவிடில் விழ நேரிடும். இவ்வளவு விட்டமுள்ள காற்றுக் குளிர்விப்புப் பொறிகளில் இடைவெளி பொதுவாக 0.03 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதை அளந்து, அதற்கேற்ப உருளையைக் கடைவதே முறை. கடைந்தபின் துளைகளின் கூர்விளிம்புகளை மழுக்குதல் இன்றியமையாதது. அவசரத்தில் பல பட்டறைகள் தவிர்ப்பது இதைத்தான்; வளையம் அவ்விளிம்பில் சிக்கி உடைந்தால் செய்த வேலை அனைத்தும் வீண்.

பொருத்துதல்

வளையத்தை உருளைக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் முனைகளுக்கு இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 50 மி.மீ. விட்டத்திற்கு 0.15 முதல் 0.35 மி.மீ. வரை ஏற்கத்தக்கது. பிஸ்டனின் பள்ளங்களில் உள்ள சிறு ஊசிகள், வளைய முனைகள் துளைகளின் பக்கம் திரும்பாதவாறு தடுக்கின்றன. முனைகள் அவ்வூசிகளில் அமர்ந்துள்ளனவா என உறுதிசெய்த பின்னரே உருளையை இறக்க வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி வெளியேற்றுத் துளையை நோக்கி இருக்க வேண்டும். பின்னைத் தாங்கும் சர்க்ளிப்புகளை மீண்டும் பயன்படுத்தலாகாது. அவற்றைப் பொருத்தும்போது கிராங்க் அறையின் வாயைத் தூய துணியால் மூடுவது வழக்கம். உள்ளே விழுந்த சர்க்ளிப்பை எடுக்கச் சிலவேளை பொறி முழுவதையும் பிரிக்க நேரும்.

இணைப்புத்தண்டு மேலும் கீழும் ஆடுமாயின் கீழ்ப்பகுதி தேய்ந்துள்ளது என்று பொருள். அந்நிலையில் மேற்பகுதியை மட்டும் சரிசெய்வது பயனற்றது.

தலைப்பகுதியின் ஓரத்திற்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளக்க, சால்டரிங் ஈயக்கம்பியை ஸ்பார்க் பிளக் துளை வழியாக உருளைச் சுவர்வரை செலுத்திக் கிக்கரை மெல்ல மிதிக்கலாம். நசுங்கிய கம்பியின் தடிமனே அந்த இடைவெளி. பெரும்பாலும் 1 முதல் 1.5 மி.மீ. வரை வைப்பர்.

எரிபொருள் கலவை

காற்று கூடிய கலவை வெப்பத்தை உயர்த்தும். அதனுடன் எண்ணெயும் பெட்ரோலுடனேயே வருவதால், கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்தால் சில அமைப்புகளில் மசகும் குறையும். ஆர்எக்ஸ் 100-இல் எண்ணெய்ப் பம்பு தனியாக உள்ளது. அதன் குழாயைக் கழற்றியிருந்தால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். முதல் டேங்க் பெட்ரோலிலும் சிறிது 2டி எண்ணெய் கலப்பது பாதுகாப்பானது.

ஜெட் அளவு இடத்திற்கேற்ப மாறும். திருவண்ணாமலை மாவட்டத்தில் கீழ்பென்னாத்தூர் சமவெளியில் உள்ளது. அதே மாவட்டத்தின் சவ்வாது மலை பல நூறு மீட்டர் உயரமானது. சமவெளியில் சரிசெய்த வண்டி மலையில் பெட்ரோல் மிகுந்து புகைக்கும், அதனால் ஆபத்தில்லை. மலையில் ஜெட்டைக் குறைத்துவிட்டு அப்படியே கீழிறங்கி வேகமாக ஓட்டினால்தான் பொறி இறுகும். 2023 முதல் விற்பனைக்கு வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் கலவையில் காற்றைக் கூட்டும் விளைவையே தருவதால், பழைய வண்டிகளில் சற்றுப் பெரிய ஜெட் தேவைப்படலாம். ஸ்பார்க் பிளக்கின் முனை வெளிறிக் காணப்பட்டால் உடனே கவனிக்க வேண்டும். இளம்பழுப்பு நிறமே சரியானது.