ஒன்பதும் ஜயம்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் முரட்டு ஆட்டம். அதில் எனக்கு அவ்வளவு ருசி கிடையாது. ஆனால் ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலைக் கோஷ்டியின் 1951-ஆம் வருஷக் கதையை மட்டும் கேட்பவரிடமெல்லாம் சொல்வேன்.

ஏசு சபைப் பாதிரிமார் நடத்தும் சின்னக் கலாசாலை அது. ஒன்பது பந்தயங்கள், ஒன்பதிலும் ஜயம். அப்படி ஜயித்தவர்களைத் தென் மாகாணங்களில் புத்தாண்டையொட்டி நடக்கும் பெரும் பந்தயங்களுக்கு அழைப்பது வழக்கம். வீரர்கள் பின்னாளில் சொன்னபடி, அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஆலி மாட்ஸன், பர்ல் டோலர் என்ற இரு கறுப்பு வீரர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டுமாம். அந்த வருஷம் தேசத்திலேயே மிக அதிக தூரம் பந்தை ஏந்தி ஓடியவர் மாட்ஸன். மாப்பிள்ளையை நிறுத்திவிட்டுக் கல்யாணத்துக்கு வரச் சொன்ன கதைதான்!

கோஷ்டியார் மறுத்துவிட்டார்கள். கலாசாலைக்கோ அந்த ஆட்டத்தால் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். பெரும் பந்தயப் பணமும் வராமற் போகவே, அந்த வருஷத்தோடு கோஷ்டியைக் கலைத்துவிட்டார்கள்.

மாட்ஸன் 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் ஓடி இரண்டு பதக்கம் பெற்றார். டோலருக்கு அதே வருஷம் முழங்காலில் பலத்த அடி, ஆட்டம் போயிற்று. அவரே 1965-ல், தேசியத் தொழில்முறைப் பந்தயங்களின் முதல் கறுப்பு நடுவராக, விசிலோடு மைதானத்தில் இறங்கினார்.