பிராகா போரும் வைன் தெருவும்

போன செமஸ்டரில் எங்களுக்கு மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' பாடம். அதில் ஒரு பணக்கார வீட்டுக் கூடத்தை வர்ணிக்கும்போது, அங்கே பெண்கள் பியானோவில் 'பிராகா போர்' வாசிப்பார்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருப்பார். எங்கள் மேடம் அதைத் தாண்டிப் போய்விட்டார். நான்தான் வேலை இல்லாமல் அந்தப் பாட்டை எழுதியது யார் என்று தேடப் போனேன். ஏன் தேடினோம் என்று முதலில் இருந்தது. இப்போது அப்படி இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். (கொஞ்சம் கூச்சமான விஷயம். 18 வயது ஆகாதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள். மற்றவர்கள் வாங்க.)

எழுதியவர் பெயர் ஃபிரான்டிஷெக் கோட்ஸ்வாரா. பிராகாவில் பிறந்து, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் லண்டனுக்கு வந்தவர். வயோலாவும் டபுள் பேஸும் வாசிப்பார். 1757ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய சண்டையை வைத்து 1788 வாக்கில் இவர் எழுதிய 'பிராகா போர்' பெரிய ஹிட். பீரங்கிச் சத்தம், குதிரைப்படை, காயம்பட்டவர்களின் ஓலம் எல்லாம் பியானோவிலேயே வரும். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பியானோ படித்த பெண்பிள்ளைகள் இதைப் போட்டுத் தட்டியிருக்கிறார்கள். இதைக் கேட்டுப் பட்ட அவஸ்தையை ட்வைன் 1880ல் வந்த தன் பயண நூலில் தனியாக வேறு எழுதியிருக்கிறார்.

1791 செப்டம்பர் 2ஆம் தேதி கோட்ஸ்வாரா லண்டன் வைன் தெருவில் சூசன்னா ஹில் என்ற பெண்ணின் அறைக்குப் போனார். அவள் பாலியல் தொழில் செய்து பிழைத்தவள். சாப்பாடும் மதுவும் வாங்கிவரச் சொல்லிக் காசு கொடுத்தார், இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு தன்னைக் கத்தியால் வெட்டச் சொன்னார். அவள் முடியாது என்றுவிட்டாள். அடுத்து, சில நிமிடம் கழுத்தில் கயிறு மாட்டிக்கொள்ள வேண்டும், அதில்தான் தனக்குச் சுகம் என்றார். அதற்கு அவள் ஒத்துக்கொண்டாள். கயிற்றை அறுத்துவிட்டபோது அவர் தரையில் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அவள் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டாள்.

அவள் ஓடிப்போகவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். கொலை என்றால் அந்தக் காலத்தில் தூக்குதான். செப்டம்பர் 16ஆம் தேதி ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் கொலைக் குற்றச்சாட்டோடு நிறுத்தினார்கள். நடந்தது கொலை இல்லை, அவரே கேட்டு வாங்கியது என்று அவள் சொன்னதை நம்பி விடுவித்துவிட்டார்கள். ஊர் நாறிவிடும் என்று வழக்குக் காகிதங்களை அழிக்கச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. ஆனால் கொஞ்ச நாளிலேயே இந்தக் கதையைச் சுடச்சுட விற்க ஒரு சின்னப் புத்தகம் வந்துவிட்டது. ஊர் வாயை யார் மூட முடியும்! 1984ல் வில்லியம் ஓபர் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் இதைத் தோண்டியெடுத்து ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார்.

இதில் ஒரு விசித்திரம். அதே 1791ல்தான் பிரான்சில் மார்க்கி டி சாட் 'ஜஸ்டின்' நாவலை வெளியிட்டார். அதிலும் ரோலான் என்று ஒருவன், ஒரு பெண்ணின் உதவியோடு இதே விபரீதத்தைச் செய்து பார்க்கிறான். நாவலில் அவன் பிழைத்து எழுந்து, ஆகா என்ன சுகம் என்கிறான். வைன் தெருவில் கோட்ஸ்வாரா எழுந்திருக்கவில்லை. இன்றைக்குப் படங்களில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ரோலானைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

சரி, இதில் அப்படி என்னதான் இருக்கிறது? தூக்கிலிடப்பட்ட ஆண்களின் உடலில் தெரிந்த மாற்றங்களைப் பார்த்துவிட்டு, இதில் ஏதோ சுகம் இருக்கிறது என்று பழைய காலத்தில் நினைத்தார்கள். அது ஒரு முட்டாள்தனமான முடிவு, சாகிறவனின் நரம்பு செய்கிற வேலை அது. ஆனாலும் ஈர்ப்பே இல்லை என்று சொன்னால் பொய். மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது தலை கிறுகிறுத்து ஒரு மிதப்பு வரும். பயத்தில் இதயம் அடித்துக்கொள்ளும், உடம்பு அதையே கிளர்ச்சியாக எடுத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் மேலே, என் உயிரை உன் கையில் கொடுக்கிறேன் என்கிற சரணாகதி. விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் சொன்னதைத்தான் சொல்கிறார்கள். அவர்களைப் பைத்தியம் என்று ஒதுக்க எனக்கு மனசில்லை. வயது வந்த இரண்டு பேர் மூடிய கதவுக்குப் பின்னால் என்ன செய்கிறார்கள் என்பதில் மூக்கை நுழைக்கவும் ஆசையில்லை.

பிரச்சினை உடம்பில் இருக்கிறது. ருமேனியாவில் நிக்கோலாய் மினோவிச் என்ற தடயவியல் மருத்துவர், தூக்கில் என்ன ஆகிறது என்று அறிய 1900களின் தொடக்கத்தில் உதவியாளர்களை வைத்துக்கொண்டு தன் மேலேயே சோதனை செய்தார். சில நொடிகளில் கண் மங்கிவிட்டது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் எச்சில் விழுங்கவே வலித்ததாம். 1943ல் அமெரிக்காவில் ரோசன், கபாட், ஆண்டர்சன் என்ற மூவர் மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். (அவர்கள் சோதித்த ஆட்களில் மனநோயாளிகளும் உண்டு. அங்கே சம்மதம் எங்கே என்று கேட்டால் அது தனிக்கட்டுரை.) சுமார் 5 முதல் 10 நொடிக்குள் நினைவு போய்விடுகிறது என்பதே முடிவு.

பத்து நொடி! இந்த வரியைப் படிக்கிற நேரம் கூட இல்லை. "வேண்டாம் என்றால் சொல்லிவிடுவேன்", "கையைத் தட்டினால் விட்டுவிடு" என்பதெல்லாம் நினைவோடு இருப்பவன் செய்கிற ஒப்பந்தம். நினைவு தப்பும்போது அது தப்புகிறது என்று அவனுக்கே தெரியாது. மேலே இருப்பவருக்கும் தெரியாது, அமைதியாகக் கிடப்பது சுகத்திலா மயக்கத்திலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே காயம் தெரியாமலேயே கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. இதயம் எப்போது நிற்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதைச் சொல்வது பழமைவாதிகள் மட்டும் இல்லை. ஜே வைஸ்மன் என்ற அமெரிக்கர், இந்த மாதிரிப் பாலியல் விளையாட்டுகளை ஆதரித்து அதற்கு வழிகாட்டிப் புத்தகமே எழுதியவர். ஆம்புலன்ஸில் வேலை பார்த்த அனுபவமும் உண்டு. அவரே 1990களில், மற்றதற்கெல்லாம் ஜாக்கிரதையாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது, மூச்சோடும் கழுத்தோடும் விளையாட அப்படி ஒரு வழி எனக்குத் தெரியவில்லை என்ற அர்த்தத்தில் எழுதினார். நான் படித்ததில் என்னை அசைத்தது இவர்தான்.

சட்டம் இதில் வெகுநாள் தடுமாறியது. 1936ல் டோக்கியோவில் சதா அபே என்ற பெண், இதே விளையாட்டில் ஈடுபட்டிருந்த தன் காதலன் தூங்கும்போது கழுத்தை நெரித்துக் கொன்றாள். அங்கே சம்மதம் எங்கே முடிந்தது, கொலை எங்கே தொடங்கியது என்று ஜப்பானே பேசியது. ஆறு வருடத் தண்டனை, 1941லேயே விடுதலை. 1976ல் ஓஷிமா இதைப் படமாகவும் எடுத்தார். இங்கிலாந்தில் 1999ல் எம்மெட் என்பவரின் வழக்கு. சேர்ந்து வாழ்ந்த ஜோடி, அந்தப் பெண் புகாரே கொடுக்கவில்லை, அவளைப் பார்த்த மருத்துவர்தான் போலீசுக்குச் சொன்னார். இவ்வளவு ஆபத்தானதற்குச் சம்மதம் ஒரு தற்காப்பு ஆகாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2011ல் கனடா உச்ச நீதிமன்றம், மயங்கிய பிறகு நடப்பதற்கு முன்கூட்டியே சம்மதம் தர முடியாது என்றது. நீதிபதிகள் 6க்கு 3 என்று பிரிந்தார்கள்.

அதற்குள் இன்னொரு அசிங்கம் சேர்ந்துகொண்டது. பெண்ணைக் கொன்றுவிட்டு, "அவளே கேட்டாள், விளையாட்டு தவறிப்போச்சு" என்று ஆண்கள் கோர்ட்டில் சொல்லத் தொடங்கினார்கள். மறுத்துப் பேச வேண்டியவள்தான் செத்துவிட்டாளே. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், பாலியல் சுகத்துக்காக என்று சொல்லிப் பலத்த காயம் ஏற்படுத்திவிட்டுச் சம்மதத்தைக் காட்டித் தப்ப முடியாது என்று எழுதிவைத்தது. உயிர் போகாத கழுத்து நெரிப்பையும் தனிக் குற்றமாக்கியது.

இங்கேதான் எனக்கு சூசன்னா ஹில் ஞாபகம் வருகிறாள். அவள் உண்மையைச் சொன்னாள், பிழைத்தாள். இன்று அதே வாக்கியத்தைப் பொய்யாகச் சொல்கிறவர்கள் இருப்பதால், அவளைப் போன்ற ஒருத்தி இனிமேல் நின்றால் யார் நம்புவார்கள்? அதே சமயம், காசுக்காக வந்த இடத்தில் வாடிக்கையாளர் கேட்டதற்கு அவள் தலையாட்டியதை எந்த அளவு சம்மதம் என்று சொல்வது? பத்து நொடிக் கணக்கு அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சட்டத்தின் பக்கம் நிற்கிறேன், ஆனால் முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எடுத்து 2021ல் வெளியான ஓர் ஆய்வில், கடைசியாக உறவுகொண்டபோது கழுத்து நெரிக்கப்பட்டதாகச் சொன்ன மாணவிகள் நான்கில் ஒரு பங்குக்கு மேல். நம் வயசுப் பிள்ளைகள். நம் ஊரில் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வருகிறவர்கள் எங்கள் ஹாஸ்டல் மொட்டைமாடிப் பேச்சை ஒரு நாள் கேட்க வேண்டும். பாதிப் பேருக்கு அனுபவம் இல்லை, ஆனால் போன் எல்லாரிடமும் இருக்கிறது. "அதெல்லாம் நார்மல்டா" என்றான் ஒருத்தன். கோட்ஸ்வாரா கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். பத்து நொடியைச் சொன்னதும் ஒருத்தன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நிஜமாவா? எங்க படிச்ச?" என்று கேட்டான். அவனுக்காகத்தான் தேடியதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தேன்.