பாக்குநீரிணையைக் கடந்தவர்களும் நமது ஆற்றங்கரைப் பிள்ளைகளும்

 

போன வாரம் தரம் 9 வகுப்பில் ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். லயத்துப் பிள்ளை ஒருவர் எழும்பி, "சேர், நாங்க கடலையே கண்டதில்ல. இந்தக் கதை எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதே வகுப்பில் இருந்திருக்க வேண்டிய ஒரு பிள்ளையைப் போன வருடம் ஆறு கொண்டுபோனது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகின்றோம்.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவே கிடக்கும் பாக்குநீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் நம் நாட்டுத் தமிழர். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, 1954 மார்ச் மாதம் வல்வெட்டித்துறையில் இறங்கி, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்திக் கோடியக்கரையில் ஏறினார். ஒரு பகலும் ஓர் இரவும் போதாமல் மறுநாளும் நீந்தியிருக்கிறார் என்றால் நினைத்துப் பாருங்கள்.

அடுத்து மிகிர் சென். சட்டம் படிக்க லண்டன் போன வங்காளி. புளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திய செய்தி அவரது மனதைப் பிடித்துக்கொண்டது. அப்போது அவருக்கு ஒழுங்காக நீந்தக்கூடத் தெரியாது. வளர்ந்த ஆளாகப் போய் லண்டனில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். பல தடவை தோற்று, 1958 செப்டெம்பரில் 14 மணி 45 நிமிடத்தில் கால்வாயைக் கடந்தார். மறுவருடமே ஆரத்தி சாகா என்ற வங்காளப் பெண்ணும் அதைக் கடந்தார். ஆசியப் பெண்களில் அவரே முதலாமவர். 1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார்.

வல்வெட்டித்துறையில் 1943 இல் பிறந்த வி. எஸ். குமார் ஆனந்தனும் ஒரு சட்டத்தரணிதான். 1971 இல் பாக்குநீரிணையைப் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். 1979 இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணிக்கும் மேலாகச் சைக்கிள் ஓட்டினார். 1981 இல் 80 மணி நேரம் தண்ணீரில் மூழ்காமல் மிதந்து நின்றார். அரை நூற்றாண்டு கழித்து, 2021 ஏப்ரலில், விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர அந்த இருவழிப் பயணத்தை 28 மணி 19 நிமிடத்தில் முடித்தார்.

இவர்களின் துணிவை எல்லோரும் புகழ்கின்றோம். ஆனால் துணிவைவிட ஆயத்தம்தான் நாம் படிக்க வேண்டிய பாடம்.

மாதங்களைப் பாருங்கள். 1954 மார்ச், 1966 ஏப்ரல், 2021 ஏப்ரல். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் முன் கடல் அடங்கிக் கிடக்கும் இடைவெளி அது. நீந்துபவர் தன் அவசரத்துக்கு இறங்குவதில்லை. கடலின் நேரம் பார்த்து, நீரோட்டம் பார்த்துத்தான் இறங்குகிறார்.

உடம்பையும் பழக்க வேண்டும். நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டி, கடைசியில் பல மணி நேரம் தொடர்ச்சியாக நீந்திப் பழகுவார்கள். உப்புத் தண்ணீரில் கை உரசும் அக்குளும் கழுத்தும் புண்ணாகும் என்பதால் அங்கே கொழுப்பு அல்லது வாசலின் பூசுவார்கள். உப்பினால் நாக்குத் தடிக்கும், சொறிமுட்டை பட்டால் உடம்பு எரியும். அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒரு தடவை படகிலிருந்து கயிற்றில் கட்டிய போத்தலில் இனிப்புப் பானம் வரும். அதைக் குடிக்கலாம். படகைத் தொட்டால் அந்த நீச்சல் செல்லாது.

தொடக்கூடாது, ஆனால் படகு பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். மிகிர் சென்னோடு இந்தியக் கடற்படையின் சுகன்யா, சாரதா என்ற இரு கப்பல்கள் வந்தன. உலகம் போற்றிய நீச்சல்காரனே தனியாகத் தண்ணீரில் இறங்கவில்லை. நம் பிள்ளைகள்தான் பாடசாலை விட்டதும் யாருக்கும் சொல்லாமல் இறங்குகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1984 ஆகஸ்ட் 6 ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்தார். நம் பக்கத்துக் கடல் வெதுவெதுப்பானது. கால்வாயோ கோடையிலும் உடம்பை உறைய வைக்கும். அத்தனை சாதனை செய்தவருக்கே அந்த நிலை. தண்ணீர் யாருடைய சான்றிதழையும் பார்ப்பதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். பாவா ஆதம் மலைப் பக்கம் பிறக்கும் களுகங்கை, இரத்தினபுரியைத் தொட்டுக் களுத்துறையில் கடலில் சேர்கிறது. அப்படியென்றால் கடலைக் காணாத பிள்ளையும் கடலுக்குப் போகும் தண்ணீரில்தான் குளிக்கிறது. இந்த ஆறு 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் என்ன செய்தது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும். மூடாமல் விட்ட மாணிக்கக் குழிகளில் மழைத் தண்ணீர் நிறைந்தால் ஆழம் தெரியாது. இவை நமது நீரோட்டக் கணக்கு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கின்றோமா?

போன வருடம் அந்த ஜனாஸாவில் நின்றபோது எல்லோரும் "கத்ர்" என்றோம். அது நம் ஈமான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பதும் நமக்குச் சொல்லப்பட்டதுதானே.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில், நீந்தத் தெரிந்த பெரியவர்கள் நான்கைந்து பேர் முன்வந்தால், இடுப்பளவு தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்து, கயிறும் காற்றடைத்த டயர் டியூப்பும் வைத்துக்கொண்டு, மிதக்கவாவது பழக்குவோம். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்தால் டவுன் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒன்றாகப் பழகலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், தாய்மார் காவல். அதுவரை ஒரே ஒரு சட்டம்: கரையில் ஒரு பெரியவர் இல்லாமல் எந்தப் பிள்ளையும் ஆற்றில் இறங்கக் கூடாது.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு நமது பதில் இதுதான்: மகன், நீங்கள் பாக்குநீரிணையைக் கடக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும்.

முன்வரக்கூடியவர்கள் கீழே பெயரைப் பதியுங்கள். அல்லாஹ் நம் எல்லோருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.