வீடு கைமாறும் வேளை

ஐப்பசி பிறந்தால் தில்லித் தெருக்களில் ஏணியும் வாளியும் தூரிகையுமாக ஆட்கள் நடமாடுவதைக் காணலாம். தீபாவளிக்கு முன் வீட்டுச் சுவர்களை வெளுப்பிக்கும் இந்த வேலைக்கு 'சஃபேதி' என்று இவ்வூரார் பெயரிட்டிருக்கின்றனர். ஆனால் தீபாவளி கடந்த பின்னரும், தை, மாசியிலும் கூட, ஏதோ ஒரு வீட்டில் மட்டும் சஃபேதி நடந்தால் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். அவ்வீடு விலைக்கு வந்துவிட்டது என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

வீட்டை விற்குமுன் அதை அழகுபடுத்துவது இன்று ஒரு தனிக்கலையாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1970-களில் தோன்றி, நாடக மேடையை அமைப்பதுபோல் வீட்டின் அறைகளை வாங்குவோர் கண்ணுக்கு இனியதாக அமைத்துக் கொடுக்கும் தொழிலாக அது பரவிற்று. நம் தலைநகரிலும் இப்பொழுது அதைச் செய்து தருவோர் உண்டு. எனினும், தில்லியில் வீடுகள் கைமாறிய வரலாற்றைப் பின்னோக்கிப் பார்ப்போமாயின், ஓர் உண்மை தெளிவாகும். விற்பதற்காக ஒரு வீட்டை ஆற அமர ஆயத்தம் செய்வது என்பது அமைதிக் காலத்தில் மட்டுமே மனிதனுக்குக் கிட்டும் பேறு. இந்நகரின் வீடுகளிற் பல அந்தப் பேறு இல்லாமலேயே கைமாறியவை.

முதலில் 1857-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு செப்டம்பரில் ஆங்கிலப் படை தில்லியை மீண்டும் கைப்பற்றியபோது நகர மக்கள் மதிலுக்கு வெளியே விரட்டப்பட்டனர். கலகத்தில் சேர்ந்தோர் எனக் கருதப்பட்டவர்களின் சொத்துக்கள் பறிமுதல் செய்யப்பட்டன. பல ஏலத்தில் விடப்பட்டன. சாந்தினி சவுக்கின் மேற்குக் கோடியில் நிற்கும் பதேபுரி மசூதியே ஏலத்துக்கு வந்தது என்றால் அக்காலத்தின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அதனை லாலா சுன்னாமல் என்னும் செல்வந்த வணிகர் 19,000 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் அதை இடிக்கவில்லை; காத்து வைத்தார். 1877-இல் அரசாங்கம் நான்கு கிராமங்களை ஈடாகக் கொடுத்து அதைத் திரும்பப் பெற்று முஸ்லிம் மக்களிடம் ஒப்படைத்தது. மசூதிக்கு மீட்சி கிடைத்தது. ஏலத்தில் போன வீடுகளுக்கு உரியவர்களில் எத்தனையோ பேருக்கு அது கிடைக்கவில்லை.

அடுத்தது 1911. அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் நாள் தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என அறிவித்தார். புது நகரம் எழ நிலம் வேண்டுமன்றோ? ராய்சினா, மால்சா முதலிய கிராமங்களின் நிலங்கள், 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி எடுக்கப்பட்டன. இன்று குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் குன்று ராய்சினாக் குடியானவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. விலையை வைத்தது அரசாங்கம். விற்றவர் வாசலைக் கழுவிக் கோலமிட்டு எவரையும் வரவேற்கவில்லை.

அந்தப் புதிய தலைநகரத்தின் அலுவலகங்களை நம்பித்தான் நம்மவர் வடக்கே வந்தனர். சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கணக்கும் கற்ற தென்னாட்டு இளைஞர்கள் கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்குமாக அரசாங்கத்தோடு கூடவே பெட்டி படுக்கையுடன் ஏறி இறங்கினர். பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வேண்டி 1923-இல் பள்ளி தொடங்கினர். 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றிற்று. ஆனால் வீடு? அது அரசாங்கத்தின் குவார்ட்டர்ஸ். கோல் மார்க்கெட்டிலும், பின்னர் லோதி காலனியிலும், சரோஜினி நகரிலும், ராமகிருஷ்ணபுரத்திலும் பல தலைமுறைகள் வாழ்ந்தும், ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். கரோல்பாக்கில் மாடியறையான 'பர்ஸாத்தி'யில் குடியிருந்தோருக்கும் நிலை இதுவே. சொந்த வீடு என்பது தில்லித் தமிழரிற் பெரும்பாலோருக்கு வாழ்வின் பிற்பகுதியிலேயே வந்த செல்வம். ஆதலால் அதனை விற்கும் வேளையில் நமக்குப் பரம்பரை அனுபவம் இல்லை. இதனை நாம் மறத்தலாகாது.

இனி 1947. நாடு பிரிவினையுற்றபோது தில்லியிலிருந்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேறினர். மேற்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்துக்களும் சீக்கியர்களும் இங்கே அடைக்கலம் புகுந்தனர். 1941-இல் ஒன்பது லட்சத்துச் சொச்சமாக இருந்த மக்கட்தொகை 1951-இல் பதினேழு லட்சத்தைத் தாண்டிற்று. லாகூரிலும் ராவல்பிண்டியிலும் வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, கலவரம் ஓய்ந்ததும் திரும்பி விடலாம் என்று புறப்பட்டவர்கள் எத்தனை பேர்! அவர்கள் திரும்பவில்லை. பழைய தில்லியிலிருந்து அவ்வாறே போனவர்களும் திரும்பவில்லை.

விட்டுச் சென்றவர்களின் வீடுகளைக் காக்கவும் நிர்வகிக்கவும் காப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அதற்கான மத்தியச் சட்டம் 1950-இல் வந்தது. அதே ஆண்டு, அகதிகள் பாகிஸ்தானில் இழந்த சொத்துக்களின் உரிமைக் கோரிக்கைகளைச் சரிபார்க்கவும் சட்டம் பிறந்தது. 1954-இல் இயற்றப்பட்ட ஈட்டுத்தொகை, புனர்வாழ்வுச் சட்டம் இவ்விரண்டையும் இணைத்தது. வெளியேறியோர் வீடுகள் அரசாங்கத்தின் வசமாயின. சில ஏலத்தில் போயின. சில, அகதிகளுக்குச் சேரவேண்டிய ஈட்டுத்தொகைக்குக் கழிக்கப்பட்டன. ராஜேந்திர நகர், பட்டேல் நகர், லாஜ்பத் நகர், மாளவியா நகர் முதலிய குடியிருப்புகள் அகதிகளுக்காக எழுந்தவை.

இங்கேதான் தில்லிவாசி ஒரு பாடத்தைக் கற்றான். கண்காணாத தேசத்தில் விட்டுவந்த வீட்டின் மதிப்பை எதைக்கொண்டு நிரூபிப்பது? சுவரின் வெண்மையையா காட்ட முடியும்? கையில் இருந்த பத்திரமே பேசிற்று. பத்திரம் இல்லாதவன் சாட்சிகளைத் தேடி அலைந்தான். ஓடி வரும் அவசரத்தில் நகையை எடுத்தவனை விட, தகரப் பெட்டியில் காகிதங்களை எடுத்தவன் பிழைத்தான் என்று பழைய குடிகள் சொல்வதில் பொருளுண்டு.

அமைதி திரும்பிய பின்னர் விருப்பத்துடன் விற்பதும் வாங்குவதும் பெருகின. ஆயினும் அதிலும் ஒரு முடிச்சு விழுந்தது. தில்லி வளர்ச்சி ஆணையம் 1957-இல் அமைந்தது. 1959 நவம்பரில் 34,070 ஏக்கர் நிலத்தை எடுப்பதற்கான அறிவிப்பு வெளியாயிற்று. 1962-இல் நகரின் முதல் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது. நிலத்தை வணிகர் பதுக்கி விலையேற்றலாகாது என்பது நோக்கம். எனவே மனைகள் விற்கப்படவில்லை. நீண்டகாலக் குத்தகைக்கே கொடுக்கப்பட்டன. குத்தகை பெற்றவர் மனையைப் பிறருக்கு மாற்ற வேண்டுமானால் முன் அனுமதி பெற வேண்டும். மனையின் விலை ஏறியிருந்தால் அந்த உழைக்காத உயர்வில் பாதியை அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டும் என்றும் பத்திரங்கள் விதித்தன.

நோக்கம் நல்லதே, விளைவு வேறாயிற்று. அந்தப் பாதியைக் கொடுக்க மனமில்லாத மக்கள் ஒரு குறுக்கு வழியைக் கண்டனர். விற்பவர் கிரயப் பத்திரம் எழுதமாட்டார். அதற்குப் பதிலாக விற்பனை உடன்படிக்கை ஒன்று, 'முக்தியார்நாமா' எனப்படும் பொது அதிகாரப் பத்திரம் ஒன்று, வாங்குபவர் பெயருக்கு ஓர் உயில், பணம் பெற்றதற்கு ஒரு ரசீது ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்துச் சாவியை ஒப்படைத்துவிடுவார். ஏட்டின்படி வீடு கைமாறவே இல்லை. உண்மையில் மூன்று நான்கு கைகள் மாறியிருக்கும். காகிதங்களின் இந்தத் தொடரைத் தரகர்கள் 'செயின்' என்றழைத்தனர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், உதாரணமாக நடுவில் ஒருவர் இறந்து அவர் வாரிசுகள் எதிர்த்து நின்றால், கடைசியில் வாங்கியவரின் கதி நீதிமன்றத்தின் படிகளே.

இதற்குப் பரிகாரமாக 1992-இல் குத்தகை உரிமையை முழுவுரிமையாக மாற்றும் திட்டம் வந்தது. அதிகாரப் பத்திரத்தால் வாங்கியவர்களும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கட்டணம் செலுத்தி அந்த உரிமையைப் பெற வழி பிறந்தது. 2011 அக்டோபர் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சூரஜ் லேம்ப் வழக்கில், இத்தகைய அதிகாரப் பத்திர விற்பனைகளால் உரிமை மாறாது, பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும் என்று தெளிவுபடத் தீர்ப்பளித்தது. வெளியூரில் இருக்கும் தந்தை தம் மகனுக்கோ மகளுக்கோ, தம் சார்பில் பத்திரம் எழுதிக் கொடுக்க உண்மையான அதிகாரம் வழங்குவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. சென்னையிலோ கும்பகோணத்திலோ குடியேறிவிட்ட பெரியவர்கள் இதனை மனத்திற் கொள்வது நன்று.

ஆகவே, மயூர் விஹாரிலோ துவாரகையிலோ கூட்டுறவுச் சங்கத்தில் வீடு பெற்று, முப்பதாண்டு வாழ்ந்து, இப்பொழுது தெற்கே திரும்பவோ பிள்ளைகளோடு சேரவோ எண்ணும் தமிழ்க் குடும்பம் தன் வீட்டை எவ்வாறு ஆயத்தம் செய்ய வேண்டும்? இவ்வரலாறே விடை சொல்கிறது. முதலில் வெளுக்க வேண்டியது சுவரன்று, காகிதம். ஒதுக்கீட்டுக் கடிதம், முழுவுரிமைப் பத்திரம், சங்கத்தின் ஆட்சேபமில்லாச் சான்று, சொத்துவரி ரசீதுகள் ஆகியவை ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கட்டும். கணவர் பெயரில் இருந்த வீடு அவர் மறைவுக்குப் பின் மனைவி மக்கள் பெயருக்கு மாற்றப்படாமலே கிடக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வாங்குபவர் வந்து 'பயானா' என்னும் அச்சாரப் பணத்தை நீட்டும்போது இக்குறை வெளிப்பட்டால், நல்ல விலை நழுவிப் போகும். அல்லது நெருக்கடியில் குறைந்த விலைக்கு இணங்க நேரும்.

அதன் பின்னர் சஃபேதி செய்யுங்கள். வேண்டாப் பொருள்களை அகற்றுங்கள். பரணில் ஏறிக் கிடக்கும் கொலுப் படிகளையும், ஒருவரும் அரைக்காத ஆட்டுக்கல்லையும் உரியவர்க்குக் கொடுங்கள். ஜன்னல்களைத் திறந்து குளிர்கால வெயிலை உள்ளே விடுங்கள். வெளிச்சமும் காற்றும் உள்ள வீட்டைப் பஞ்சாபியரும் விரும்புவர், தமிழரும் விரும்புவர்.

ஆயினும் ஓர் எல்லை உண்டு. தில்லி மழைக்குப் பின் சுவரில் ஊறும் ஈரத்தை 'ஸீலன்' என்பர். அதன்மேல் வண்ணம் பூசி மறைத்து விற்றுவிட்டால், அடுத்த ஆவணியில் அது மீண்டும் எட்டிப் பார்க்கும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாததும் விற்பவர் அறிந்ததுமான பெருங்குறையை விற்பவர் சொல்லிவிட வேண்டும் என்று விதிக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நம் மனச்சாட்சி அதைச் சொல்லும். வாங்கப்போகிறவரும் ஒரு குடும்பஸ்தரே. தம் ஆயுட்காலச் சேமிப்பை அச்சுவர்களுக்குள் வைக்கப் போகிறவர்.

ஏலத்தில் வீட்டை இழந்தவர்களும், நிலத்தைப் பறிகொடுத்தவர்களும், சாவியுடன் ஓடி வந்தவர்களும் நிறைந்த ஊர் இது. இவ்வூரில், விளக்கேற்றி வைத்த வீட்டை வாங்குபவரிடம் சாவகாசமாகச் சுற்றிக் காட்டி, இந்த மூலையில் மட்டும் மழைக்கு ஈரம் வரும் என்று சொல்லி, மனமொப்பி விலை பேசிச் சாவியைக் கையில் கொடுக்க முடிகிறதென்றால், அதைச் சிறு காரியமென்று எண்ணலாகாது. இந்நகரில் பல தலைமுறையினருக்குக் கிட்டாத பேறு அது.