ஆதகூர்க் கல்லும் அக்கிலீசின் சினமும்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியில் ஹனூர் என்னும் ஊர் உள்ளது. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின்னர் மைசூர் மாவட்டத்திலும் இருந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கியது இவ்வூர். மலைக்கு வரும் அடியார்களில் தமிழரும் மிகப் பலர். கம்சாளை என்னும் வெண்கலத் தாளங்களை ஒலித்துக் கன்னடத்தில் பாடப்பெறும் மாதேஸ்வரர் கதையில், புலியை ஊர்தியாகக் கொண்ட துறவி ஒருவரே தலைவர். தேவர்களைச் சிறையிட்ட சிரவணன் என்னும் மன்னனை அவர் அடக்குகிறார்.

துறவியைத் தலைவராகக் கொண்ட இக்கதையைக் கேட்கும்போது, வீரன் என்று எவனைச் சொல்வது என்னும் வினா நமக்கு எழுகின்றது. கிரேக்கரும் இதற்கு ஒரே விடை கூறினாரல்லர். இலியட் காப்பியத்தில் அக்கிலீஸ், நெடுவாழ்வை விடுத்து அழியாப் புகழை விரும்பியவன். ஆயினும், போரில் தனக்குப் பரிசாகக் கிடைத்த பெண்ணைப் படைத்தலைவன் பறித்துக்கொண்டான் என்பதற்காகப் போரினின்றும் ஒதுங்கி, தன் பக்கத்தார் மடியவும் வாளா இருந்தான். கரந்தை சூடி, ஊரின் ஆநிரையை மீட்கப் பொருது மாண்டவனுக்கு நடுகல் எடுத்த நம் முன்னோர் இவனுக்குக் கல் நட்டிருப்பரோ? ஐயந்தான். ஒடிசி காப்பியத்திலோ அக்கிலீசே மனம் மாறுகிறான். இறந்தோர் உலகின் அரசனாக இருப்பதினும் வறியவன் ஒருவனிடம் கூலியாளாக உயிர்வாழ்தல் நன்று என்கிறான். அக்காப்பியம் போற்றும் ஒடிசியசோ துன்பங்களைப் பொறுத்து வீடு திரும்பியவன்.

போர்ப் பரிசு பற்றி வேறொரு செய்தியும் உண்டு. ஹனூருக்கு வடமேற்கே, காவிரிக்கு அப்பால், மண்டியா மாவட்டத்தில் ஆதகூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே நடப்பெற்ற கல்வெட்டு, 949-ஆம் ஆண்டில் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் நிகழ்ந்த போரைக் கூறுகின்றது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் கங்க மன்னன் பூதுகனும் ஒருபுறம். முதற் பராந்தகனின் மைந்தன் இராசாதித்தன் மறுபுறம். அப்போரில் மணலேரன் என்பான் சிறப்புறப் பொருதான். மகிழ்ந்த அரசன், வேண்டுவது கேள் என்றான். மணலேரன் பொன்னையோ பெண்ணையோ கேட்டிலன். காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான்.

பின்னர் அந்நாய் பெரும் பன்றியொன்றோடு பொருதது, இரண்டும் மாண்டன. போர்வீரனுக்கு எடுப்பதுபோலவே அதற்குச் சிவன் கோயிலின்முன் கல் எடுத்து, வழிபாட்டிற்கு நிலமும் விட்டனர். கல்லின் தலைப்பில் நாயும் பன்றியும் மோதும் காட்சி செதுக்கப்பெற்றுள்ளது. பரிசை இழந்து சினந்த அக்கிலீசையும், பரிசாகப் பெற்ற நாய்க்குக் கல் நட்ட மணலேரனையும் அருகருகே வைத்து எண்ணுங்கால், நம் நெஞ்சு மணலேரனையே நாடுகின்றது.

ஆனால் தமிழராகிய நமக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. பூதுகன் இராசாதித்தனைக் கொன்றான் என்பதையும் இக்கல் பெருமிதத்துடன் உரைக்கின்றது. சோழர் கல்வெட்டுகளோ அவ்விளவரசனை யானைமேல் துஞ்சியவன் என்று போற்றுகின்றன. மரணம் ஒன்றே, கன்னடத்தில் அது வெற்றி, தமிழில் அது புகழ். ஹோமரும் தம் இலியட்டை முடித்தது கிரேக்கரின் வெற்றியோடு அன்று; பகைவனாகிய ஹெக்டரின் ஈமச் சடங்கோடுதான்.

அந்தக் கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அந்நகரில் வாழும் தமிழர்கள் சென்று காணலாம். எழுத்து பழங்கன்னடம், நாயையும் பன்றியையும் அறிந்துகொள்ள மொழி வேண்டுவதில்லை.