பரங்கிமலையில் பிறந்த தூரம்

ஆம்பூரிலிருந்து தோல் மாதிரிகளோடு ஜெர்மனிக்குப் புறப்படுகிறவர் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறார். பிராங்பர்ட்டில் இறங்கினால், ஒட்டினாற்போல ஒஃபன்பாக். அதுவும் தோல் தொழிலால் பேர்பெற்ற ஊர்தான். சென்னையிலிருந்து வான்வழியே சுமார் 7,600 கிலோமீட்டர். பூமியின் வளைவு தெரியாமல் இந்த எண்ணைப் போட முடியாது. அந்த வளைவை அளக்கும் பெருவேலை இந்தியாவில் தொடங்கியது, அவர் விமானம் ஏறுகிற அதே பரங்கிமலைப் பக்கத்தில்!

1802 ஏப்ரல் 10. மலையடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார் நில அளவையாளர் வில்லியம் லாம்டன். கையில் இருந்தது நூறடி எஃகுச் சங்கிலி, நாற்பது கண்ணிகள். சீனப் பேரரசருக்கென்று கப்பலேறிப்போய், அங்கே வேண்டாமென்று தள்ளப்பட்டு, கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. சென்னைக் கோடையில் எஃகு நீளும். மயிரிழை நீண்டாலும் கணக்கு கெடும். ஆகவே மரப்பெட்டிகளை வரிசையாக முக்காலிகளில் ஏற்றி, சங்கிலியை அவற்றுக்குள் கிடத்தி, வெயில் படாமல் மூடி, வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு நூறடிக்கும் இதே பாடு. ஏறத்தாழ நானூறு தடவை! அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அதன்பிறகு சங்கிலிக்கு அதிக வேலையில்லை. முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். குன்றுக்குக் குன்று கோணம் பார்த்துக்கொண்டே மேற்கே போனார்கள். மலை இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது. அமிர்தியைச் சுற்றியுள்ள ஜவ்வாது மலையும் வேலூர்க் குன்றுகளும் நிறைந்த நம் சீமை அதற்கென்றே அமைந்தது போலிருந்தது. சரிபார்க்க 1804இல் பெங்களூரில் இன்னொரு ஏழு மைலைச் சங்கிலியால் அளந்தபோது, கணக்குக்கும் அளவுக்கும் நான்கு அங்குலம்கூட வித்தியாசமில்லை.

மங்களூர்க் கடற்கரையை எட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பழைய வரைபடங்கள் தீபகற்பத்தின் குறுக்களவை நானூறு மைல் என்று காட்டியிருந்தன. அளந்தால் 360! நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது.

லாம்டன் 1823இல் ஹிங்கன்காட்டில் இறந்தார். அவருக்குப்பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இந்த அளவீடுகளையும் சேர்த்து 1830இல் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார். நிலநடுக்கோட்டில் அவர் சொன்ன ஆரத்துக்கும், இன்று விமானங்கள் நம்பும் செயற்கைக்கோள் கணக்கின் ஆரத்துக்கும் வித்தியாசம் 861 மீட்டர். 6,378 கிலோமீட்டரில் இவ்வளவுதான் பிசகு.

பயண நேரம் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது தள்ளிவிடும். பிராங்பர்ட்டுக்குப் போக சுமார் பத்து மணி நேரம்; திரும்பும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சம்.