சாரலும் பிளாஸ்திரியும்

குற்றாலத்துக்குப் புறப்படுகிறவர்கள் மூட்டை கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நல்லெண்ணெய் இருக்கும், சீயக்காய்ப் பொடி இருக்கும், அரை டஜன் துண்டு, முறுக்கு டப்பா, சீட்டுக்கட்டு எல்லாம் இருக்கும். பாசி பிடித்த பாறையிலே கால் வழுக்கினால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒன்றும் இராது. குற்றாலநாதர் பார்த்துக்கொள்வார் என்று அவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

நான் அப்படிப்பட்டவன் அல்ல. முன்யோசனைக்காரன் என்று குடும்பத்திலே எனக்கு ஒரு பெயர் உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு ஆடி மாதச் சாரலுக்குப் போனபோது, சோப்புப் பெட்டி அளவில் ஒரு முதலுதவிப் பெட்டி தயார் செய்து சட்டைப் பையிலே வைத்துக்கொண்டேன். அதற்குள் பளபளவென்று, சுண்டு விரல் அகலத்தில், இருபது பிளாஸ்திரிகள். வேறொன்றும் இல்லை. என் அத்தானுக்கு அதைத் திறந்து காட்டினேன். "டாக்டருக்கே வைத்தியம் பார்ப்பே போலிருக்கே மாப்ளே!" என்றார் அவர்.

அத்தானுக்கு வயது அறுபத்திரண்டு. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி.

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஏறும்போது, கல் விளிம்பு பட்டு அவருடைய வலது கால் பெருவிரல் ஓரம் கிழிந்தது. பெரிய காயமில்லை, ஆனால் ரத்தம் வந்தது. நான் எத்தனை பெருமிதத்தோடு பெட்டியைத் திறந்திருப்பேன் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். முதல் பிளாஸ்திரி கெண்டை மீனைப் போல வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவது என் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தண்ணீரோடு மிதந்து போவதை ஒரு சிறுவன் கைகொட்டி வழியனுப்பினான். காரணம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அருவிக்குப் போவதற்கு ஒரு மணி முன்னால், அத்தான் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடச் செய்திருந்தார்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எண்ணெய்க் காலுல பிளாஸ்திரி ஒட்டுமா அண்ணாச்சி? தண்ணிக்குள்ள கோலம் போட்ட கதையால்லா இருக்கு! தூரப் போட்டுட்டு, காஞ்ச துணியைக் கிழிச்சுக் கட்டுங்க" என்றார். யாரோ ஒரு அம்மாள், முன்பின் அறியாதவர், தம் பையிலிருந்து வெளுத்த துண்டு ஒன்றை எடுத்து ஓரத்தைக் கிழித்து, இறுக்கமும் தளர்வும் இல்லாமல் கட்டிவிட்டுப் போய்விட்டார். ரத்தம் நின்றது. பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

புண்ணைக் கட்டுவது நமக்குப் புதிதல்ல. சேரன் செங்குட்டுவனைப் பாடிய பரணர், போர்வீரர் மார்பிலே காயம் தைத்த தழும்பைச் சொல்ல வந்தவர், குளத்திலே மீனுக்காகப் பாய்ந்து மூழ்கி மேலே எழும் சிச்சிலிப் பறவையை நினைக்கிறார். நெடிய வெள்ளூசி சதைக்குள் இறங்கி ஏறுவது அவருக்கு அப்படித் தெரிகிறது. பதிற்றுப்பத்தைப் படித்த எந்த ஸர்ஜனும் அந்த உவமையை மறக்க மாட்டார். புண்ணிலே வைத்த பஞ்சை இன்னும் எடுக்காத வீரர்களைப் புறநானூற்றிலே காணலாம். வடக்கே சுசுருதரோ எந்த அங்கத்துக்கு எப்படிக் கட்டு என்று பதினான்கு வகை சொல்லியிருக்கிறார். பஞ்சும் துணியும் கட்டும் கலையும் எல்லாம் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று: தனக்குத் தானே கட்டிக்கொள்ளும் வழி. வலது கைவிரல் அறுபட்டால் இடது கையால் முடிச்சுப் போட்டுப் பாருங்கள், தெரியும். கட்டுக்கு எப்போதும் இரண்டாவது ஆள் வேண்டியிருந்தது.

அந்த இரண்டாவது ஆளை வேண்டாமென்று செய்தது ஒரு சமையலறைதான். அமெரிக்காவிலே நியூஜெர்ஸி மாகாணத்தில், ஜான்ஸன் அண்ட் ஜான்ஸன் கம்பெனிக்குப் பஞ்சு கொள்முதல் செய்யும் வேலையில் ஏர்ல் டிக்ஸன் என்று ஒருவர் இருந்தார். புதிதாகக் கல்யாணமானவர். மனைவி ஜோஸஃபைனுக்கு அடுப்படியிலே அடிக்கடி கை அறுபடும், சுடும். (இதைக் கொண்டு அந்த அம்மாளின் சமையலை எடை போட வேண்டாம், அரிவாள்மணையில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்த புருஷர்கள் பேசட்டும்.) கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில் ஒற்றைக் கையால் அவளே பஞ்சை வைத்து நாடாவை ஒட்டினால், வேலை செய்யும்போது அது கழன்று விழுந்துவிடும். 1920-ல் டிக்ஸன் பசை தடவிய நீண்ட நாடாவை விரித்து, நடுநடுவே சல்லாத்துணித் துண்டுகளை வைத்து, பசை காய்ந்துவிடாமல் மேலே கஞ்சி போட்ட துணியால் மூடிச் சுருட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அவள் வேண்டிய அளவு கத்தரித்துத் தானே ஒட்டிக்கொள்ளலாம். 'பேண்ட்-எய்ட்' பிறந்த கதை இவ்வளவுதான்.

கம்பெனி அதை வாங்கி விற்றது. முதலில் கையாலேயே செய்தார்கள். மூன்று அங்குல அகலம், பதினெட்டு அங்குல நீளம். முதல் வருஷத்து விற்பனை வெறும் 3,000 டாலர்தான்! ஜனங்களுக்கு அதை என்ன செய்வதென்றே தெரியவில்லை. சாரணச் சிறுவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்கள். மலை ஏறி முழங்கால் சிராய்த்துக்கொள்கிற பையன்களைவிட நல்ல விளம்பரம் வேறென்ன? 1924-ல் இயந்திரம் வந்தது. கிருமி நீக்கிய பிளாஸ்திரி 1939-ல்தான். அதாவது ஸர் ஜோஸப் லிஸ்டர் 1867-ல் கார்பாலிக் அமிலத்தின் மகிமையை உலகுக்குச் சொல்லி எழுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

பெட்டியும் பழையதுதான். அதே கம்பெனி 1888-லேயே முதலுதவிப் பெட்டி விற்கத் தொடங்கியது. யாருக்கு? ஊரிலிருந்து எட்டாத இடங்களிலே தண்டவாளம் போட்ட ரயில்வேத் தொழிலாளிகளுக்கு. 1904-ல் நம் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் விட்டார்களே, அந்தக் குகையிலே எத்தனை விரல்கள் நசுங்கியிருக்கும் என்று அந்த வழியாய்ப் போகும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன்.

பசையின் சரித்திரம் இன்னும் வேடிக்கை. ஹாம்பர்க் நகரத்து மருந்துக்கடைக்காரர் பையர்ஸ்டார்ஃப் 1882-ல் மருந்துப் பிளாஸ்திரிக்குப் பேடண்ட் வாங்கினார். அவருக்குப் பின் வந்தவர் செய்த ஒரு பிளாஸ்திரி மனிதத் தோலைப் புண்ணாக்கிற்று. ஆனால் ஒட்டினால் விடாது. சரி, போகட்டும் என்று அதைச் சைக்கிள் டயருக்கு ஒட்டுப் போட விற்றுவிட்டார்கள்! தோலைக் காயப்படுத்தாத பசை வருவதற்கு 1901 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரப்பரோடு துத்தநாக பஸ்பம் கலந்த பிறகுதான் தோல் அதைச் சகித்துக்கொண்டது. துத்தநாகமோ நம் சித்த வைத்தியர்களின் பழைய சிநேகிதன். ரப்பரோ, ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் மலைச்சரிவெல்லாம் தோட்டம். மலைக்கு இந்தப் பக்கம் புண். அந்தப் பக்கம் பசை!

ஆனால் எந்தப் பசையானாலும் காய்ந்த தோலைத்தான் பிடிக்கும். எண்ணெயும் ஈரமும் இடையிலே புகுந்தால் பிடி போயிற்று. அருவியும் எண்ணெய்த் தேய்ப்பும் சேர்ந்த குற்றாலத்தைவிடப் பிளாஸ்திரிக்குப் பொல்லாத ஊர் இருக்க முடியாது.

இதையெல்லாம் நான் அப்புறம் படித்தேன். அன்றைக்கு அறிந்திருந்தால் அடுத்த தப்பைச் செய்திருக்க மாட்டேன். விடுதிக்கு வந்ததும், முன்யோசனைக்காரனுடைய மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, துணிக் கட்டை அவிழ்த்துவிட்டு, காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பிளாஸ்திரி ஒன்றைக் கடையில் வாங்கி ஒட்டினேன். அது ஒட்டிற்று. நன்றாகவே ஒட்டிற்று. மூன்று நாளும் அத்தான் அதோடேயே அருவிக்குப் போனார். "பார்த்தீர்களா, இது எப்படி நிற்கிறது!" என்று நான் தினமும் சொன்னேன். வலி இல்லை என்றார் அவர். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காலிலே வலி தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அக்கா அதை உரித்தபோது, அடியிலே தோல் வெந்த அரிசியைப் போல வெளுத்து ஊறிப்போயிருந்தது, ஓரத்தில் சீழ். ஓரமாய்ப் புகுந்த அருவித் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. திருநெல்வேலியில் டாக்டர் அழுகின சதையை வெட்டி எடுத்தார். "இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். பதினேழு நாள் கட்டு மாற்றினார்கள். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷம் தென்காசியிலேயே இறங்கி, கோவில் பக்கம் ஒரு மருந்துக் கடையிலே நின்றேன். பராக்கிரம பாண்டியன் கட்டிய அந்தக் கோவிலின் கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; கடைக்காரர் காட்டுவதற்காக உரித்த தாள்கள் தெருவோடு பறந்தன. வயசாளி, விஷயம் தெரிந்தவர். "துணிப் பிளாஸ்திரியா எடுங்க. பிளாஸ்டிக்கு மடங்காது, மூட்டு அசைஞ்சா கழண்டுரும். அகலமானது ஆறு போதும். சின்னது இருபது வச்சு என்ன செய்யப் போறிய?" என்றார். புண்ணை நடுவிலுள்ள பஞ்சு முழுவதும் மூட வேண்டும், பசை புண்மேல் படவே கூடாது என்றும் சொன்னார். விரல் கணுவுக்கு ஒட்டும்போது இரண்டு முனையிலும் நெடுக ஒரு வெட்டு வெட்டி, நாலு வாலையும் குறுக்கே மாற்றி ஒட்டினால் நிற்கும் என்று செய்தே காட்டினார். தம் கறுத்த விரலில் அது வெளிறித் தெரிந்ததைப் பார்த்து, "இதுக்குப் பேரு சதை நிறமாம், யாரு சதையோ!" என்று சிரித்தார். அந்தக் கேள்வி அமெரிக்கக் கம்பெனிக்கு எட்டி, பல தோல் நிறங்களிலே பிளாஸ்திரி செய்வதாக அது அறிவித்தது 2020-ல்.

இப்போது என் பெட்டியிலே இருப்பவை: அகலத் துணிப் பிளாஸ்திரி ஆறு, கிருமி நீக்கிய சல்லாத்துணி நாலு மடிப்பு, சுருட்டு நாடாத் துணி ஒன்று, துத்தநாகப் பசை நாடா ஒரு சுருள், சிறு கத்தரிக்கோல். எல்லாம் தண்ணீர் புகாத உறைக்குள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காய்ந்த கைக்குட்டை. அதுதான் முதல் மருந்து. தண்ணீர் புகாத பிளாஸ்திரி இரண்டும் உண்டு. நான் அதைத் தள்ளிவைக்கவில்லை. பிழை அதனுடையது அல்லவே. நனைந்தால் உடனே உரித்து, காலை உலர்த்தி, புதிதாய் ஒட்ட வேண்டும். மழைக்காலத்து மலைக்காட்டிலே அட்டை கடித்த இடத்துக்குப் பிளாஸ்திரியை முதலில் தேடாதீர்கள். அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத ஹிருடின் என்ற சரக்கு இருக்கிறது. மணிக்கணக்கில் கசியும், எந்தப் பசையும் அதில் நிற்காது. கழுவி, சல்லாத்துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்துச் சுற்றிக் கட்டுவதே வழி. ஆழமான வெட்டுக்கும் துருப்பிடித்த ஆணிக்கும் பெட்டி போதாது. தென்காசி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சர்க்கரைக்காரர் காலில் எந்தக் காயமானாலும் அப்படியே.

போன சாரலுக்கும் அத்தான் வந்தார். ரப்பர்ச் செருப்போடுதான் குளிக்க இறங்கினார். எண்ணெய் கழுத்துக்கு மேலே மட்டும். பேரருவிக் கரையிலே பெட்டியைத் திட்டில் வைத்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். ஒரு மந்தி வந்து, தின்பண்டம் என்று எண்ணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. உறையைக் கிழித்தது, சல்லாத்துணியை முகர்ந்து எறிந்தது, கத்தரிக்கோலைக் கீழே போட்டது. பிளாஸ்திரி ஒன்றை உரித்துவிட்டது. அது உள்ளங்கையிலே ஒட்டிக்கொண்டது. கையை உதறுகிறது, கிளையிலே தேய்க்கிறது, பல்லால் இழுக்கிறது, வருகிறபாடாக இல்லை.

அத்தான் இடுப்பிலே கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"பாத்தியா மாப்ளே, அதுக்கு எப்படி ஒட்டியிருக்குன்னு! அது எண்ணெய் தேய்க்கல்லைல்லா?"